பாட்டுக்கும் கூலி உண்டு



விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வருகிறோம். கிராணியார் நிறுத்து எழுதுகிறார். நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் நம் வயிறு எரிகிறது. அந்தப் பாலில் நம் வியர்வை இருக்கிறது அல்லவா? அப்படியானால் நாம் நாள்தோறும் கேட்கும் பாட்டில் யாருடைய வியர்வை இருக்கிறது? அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1847ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் பாரீஸ் நகரில், பாட்டுக் கச்சேரி நடக்கும் ஓர் உணவு விடுதி. எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் நண்பர்களோடு அங்கே அமர்ந்திருந்தார். மேடையில் பாடப்பட்டது அவர்களுடைய பாட்டு. அதைக் கேட்கவே கூட்டம் வந்திருந்தது. ஆனால் எழுதியவருக்கு ஒரு காசும் வரவில்லை. குடித்த பானத்திற்குப் பணம் கேட்டபோது பூர்ஜே கொடுக்க மறுத்துவிட்டார். “நீங்கள் என் பாட்டுக்குக் கொடுக்கவில்லை, நான் உங்கள் பானத்திற்குக் கொடுக்க மாட்டேன்” என்பதே அவருடைய வாதம்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. பாட்டை வைத்து வியாபாரம் செய்பவர், அதை ஆக்கியவருக்குப் பங்கு தர வேண்டும் என்ற தீர்ப்பு 1849இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. ஆயினும், ஊர் ஊராகப் போய்த் தம் பாட்டு எங்கே பாடப்படுகிறது என்று ஒரு மனிதர் தனியாகப் பார்க்க முடியுமா? எனவே பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒன்றுகூடி 1851இல் சாசெம் என்ற சங்கத்தை அமைத்தார்கள். தனியொருவர் கேட்டால் கிடைக்காத கூலி, சங்கமாகக் கேட்டபோது கிடைத்தது. தொழிற்சங்கத்தின் அருமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காலம் மாறியது, கருவிகள் வந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாவை அறிமுகப்படுத்தியது. கேட்கவும் அதுவே, பதிவு செய்யவும் அதுவே. ஒரு நாடாவிலிருந்து நூறு நாடா எடுக்கலாம். பாட்டை ஆக்கியவர் வேறு, நகல் எடுத்து விற்றவர் வேறு என்றாயிற்று. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற கதைதான்.

நான் சிறுவனாக இருந்தபோது, சம்பளம் போட்டால் அப்பா இரவுச் சந்தையில் ஒரு நாடா வாங்கி வருவார். அட்டைப்படம் மங்கிய நகல்தான் அது. மூல நாடா வாங்க அவருடைய சம்பளம் இடம் கொடுக்கவில்லை. அந்த நாடா ஓடாத மாலை எங்கள் லயத்தில் இருந்ததில்லை. அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொடுத்த வெள்ளி, பாடியவர் கைக்கும் எழுதியவர் கைக்கும் போகவில்லை என்பதும் உண்மைதான்.

நம் நாட்டில் 1987இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1989இல் பாடல் ஆக்குவோருக்கு எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு தோன்றியது. 1990இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா முன்பே அதில் உறுப்பு நாடு. ஆகவே சென்னையில் உருவான பாட்டுக்கும் இங்கே சட்டத்தின் காவல் கிடைத்தது.

“பணம் கொடுத்தாலும் முதலாளிக்குத்தானே போகிறது?” என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. படத்திற்காகக் கூலி பெற்று ஆக்கிய பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் ஆக்கியவருக்கு உரிமை. 35 ஆண்டுகள் சென்று, 2012இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை எவரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றாயிற்று. ஆகவே முதலாளி பிடித்தம் செய்கிறார் என்பதற்காகத் தொழிலாளியின் கூலியை நாமும் பிடித்துக்கொள்வது முறையாகாது. கூலி முழுமையாகச் சேர வழி தேடுவதே முறை.

1999இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்ற சேவை தொடங்கியது. முன்பின் அறியாதவர்களும் ஒருவர் கணினியிலிருந்து மற்றவர் பாட்டை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். வழக்கின் விளைவாக அது 2001இல் நிறுத்தப்பட்டது. ஆனால் பழக்கம் நிற்கவில்லை. விடுதிக்காரரும் நாடா வியாபாரியும் செய்ததை இன்று கைப்பேசியில் நாமே செய்கிறோம்.

என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “சார், நான் எடுத்தால் பாட்டு குறைந்தா போகும்?” நல்ல கேள்வி. பாட்டு குறையாது, தம்பி. அதை ஆக்கியவரின் வரும்படி குறையும். அடுத்த பாட்டைக் கட்ட அவருக்கு நேரமும் தெம்பும் குறையும்.

இன்று ஏழைக்கும் வழி இருக்கிறது. விளம்பரத்தோடு இலவசமாகப் பாட்டுக் கேட்க உரிமம் பெற்ற செயலிகள் உண்டு. வானொலி எப்போதும் உண்டு. தாலாட்டாகவும் பஜனையாகவும் வீட்டில் நாமே பாடிக்கொள்வதற்கு யாரும் விலை கேட்பதில்லை. உள்ளூர்க் கலைஞர் ஒருவர் பாட்டு வெளியிட்டால், முடிந்தபோது ஓரிரு வெள்ளி கொடுத்து வாங்குங்கள். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

நிறுவையில் நமக்கு நியாயம் கேட்கும் நாம், பாட்டுக் கட்டியவரின் நிறுவையிலும் நியாயமாக நடந்துகொள்வோம்.