விரலில் மாட்டினால் '97'... பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மதுரை சிம்மக்கல்லில் இருந்து ஏ.வி. மேம்பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், அரசு ராஜாஜி மருத்துவமனை. கொரோனா காலத்தில் "இப்பவே பாலத்தைத் தாண்டிப் போகணுமா, இல்ல வீட்டிலேயே இருக்கலாமா?" என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் சொன்னது, விரலில் மாட்டும் ஒரு சின்ன கருவி. அதுதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.

2020 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'அம்மா கோவிட்-19' வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின் 2,500 ரூபாய் தொகுப்பிலும் இந்தக் கருவி இருந்தது. இன்றும் பல வீட்டு அலமாரிகளில் அது கிடக்கிறது. மூச்சுத்திணறல் என்றால் முதலில் கை அதைத்தான் தேடுது. ஆனா, அது காட்டும் எண் சரிதானா?

எப்படி வேலை செய்கிறது?

கருவியின் ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் இருக்கும். ஒன்று சுமார் 660 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளி. இன்னொன்று சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, இது கண்ணுக்குத் தெரியாது. எதிர்ப் பக்கத்தில் ஒளியை அளக்கும் சென்சார் இருக்கும்.

ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. நாடி துடிக்கும்போது மட்டும் மாறும் ஒளியைப் பிரித்தெடுத்தால், தோல், எலும்பு, நகத்தை ஒதுக்கிவிட்டு தமனி ரத்தத்தை மட்டும் கணக்கிடலாம். 1974-ல் இந்த யோசனையை முன்வைத்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோகி.

97 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கு. கருவி ஆக்ஸிஜனை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஒளிகளின் விகிதத்தை மட்டுமே அளக்கிறது. விகிதம் 1 என்றால் ஆக்ஸிஜன் சுமார் 85 சதவீதம். 0.5 என்றால் 100-ஐ ஒட்டி. இப்படி ஒரு அட்டவணை கருவிக்குள்ளேயே பதிவாகி இருக்கும்.

அந்த அட்டவணையைத் தயாரிப்பதுதான் கேலிபரேஷன். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். அவர்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 100-ல் இருந்து 70 வரை படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் சோதித்து, அந்த நேரத்து ஒளி விகிதத்தோடு பொருத்துவார்கள். 70-க்குக் கீழே யாரையும் இறக்குவது ஆபத்து. அதனால் அதற்குக் கீழே காட்டும் எண் வெறும் மதிப்பீடுதான்.

ஆக, உங்க விரலில் தெரியும் 97 என்பது, யாரோ சிலரின் ரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு.

தராசு மாதிரி இதையும் சரிபார்க்க முடியாதா?

பழக்கடைத் தராசை எடைக்கல் வைத்துச் சோதித்து முத்திரை குத்தலாம். பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு அப்படி ஒரு 'எடைக்கல்' கிடையாது. மருத்துவமனைகளில் செயற்கை விரல் போன்ற சிமுலேட்டர் வைத்துச் சோதிப்பார்கள். கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். மனித ரத்தத்தில் எவ்வளவு துல்லியம் என்பதைச் சொல்லாது.

கருவி 90 என்று காட்டினால், உண்மையான அளவு பொதுவாக 86 முதல் 94 வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.

தோல் நிறத்தால் என்ன சிக்கல்?

2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில். வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம் மட்டுமே.

சோதனைக்கு யாரைச் சேர்த்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல்படி குறைந்தது 10 பேர் போதும், அதில் அடர்நிறத் தோல் கொண்டவர்கள் 2 பேர் இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் 150 பேர் அல்லது அதற்கு மேல், பல்வேறு தோல் நிறங்களில் தேவை என்று மாற்றச் சொன்னது. கறுப்பும் மாநிறமும் சகஜமான நம்ம ஊருக்கு இது கவனிக்க வேண்டிய சேதி.

வீட்டில் என்ன செய்யலாம்?

* நெயில் பாலிஷ், அடர் மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள்.
* கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நேர் வெயில் படக்கூடாது.
* உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, கையை அசைக்காமல், எண் நிலையாகும் வரை காத்திருங்கள். முதலில் வரும் எண்ணை எடுக்காதீங்க.
* உடம்பு நல்லா இருக்கும்போதே சில நாள் அளந்து எழுதி வையுங்கள். வழக்கமாக 98 காட்டும் ஒருவருக்கு 94 வந்தால், அந்த இறக்கமே எச்சரிக்கை.
* மருத்துவமனைக்குப் போகும்போது உங்க கருவியையும் கொண்டுபோய், அங்குள்ள மானிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
* புகையில் சிக்கியவருக்கு இந்த எண்ணை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் ஆக்ஸிஜன் நிறைந்தது என்றே கருவி காட்டும்.

மூச்சு வாங்குது, உதடு நீலம் பாயுது, குழப்பமாகப் பேசுறாங்க என்றால், கருவி 97 காட்டினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.