விமானத்தை ஒட்டிய பசை

விமானத்தின் அலுமினியத் தகடுகளைப் பசையால் ஒட்டும் தொழில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் வேரூன்றியது. அங்கே ஏரோ ரிசர்ச் நிறுவனத்தை நடத்திய நார்மன் டி புரூயின் 1941இல் ரீடக்ஸ் பசையை உருவாக்கினார். தகட்டில் ஃபீனாலிக் பிசினைத் திரவமாகப் பூசி, அதன்மேல் பாலிவினைல் ஃபார்மல் பொடியைத் தூவி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்குவார்கள். வெறும் பிசின் கண்ணாடிபோல் நொறுங்கும். வளைந்துகொடுக்கும் குணம் பொடியால் வந்தது. டி ஹாவிலாண்ட் நிறுவனம் ஹார்னெட் போர்விமானத்திலும், பிறகு டவ், காமெட் விமானங்களிலும் இதைப் பயன்படுத்தியது.

ஒரு முறை இழுத்தால் ஒட்டு தாங்கியது. ஆயிரக்கணக்கான முறை இழுத்தால் என்ன ஆகும் என்பது அவ்வளவு எளிதில் விளங்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தகடுகளை இழுக்கும்போது சுமை இரு ஓரங்களிலும் குவிகிறது. ஃபோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938இலேயே ரிவெட் இணைப்புகளுக்கு இதைக் கணக்கிட்டிருந்தார். 1970களில் அமெரிக்க விமானப்படைக்காக டக்ளஸ் நிறுவனம் நடத்திய, பசையால் ஒட்டிய விமானக் கட்டமைப்பு பற்றிய பாப்ஸ்ட் ஆய்வின் காலத்தில், அங்கே பணியாற்றிய ஹார்ட்-ஸ்மித் மீதியை விளக்கினார். ஒவ்வொரு சுமையிலும் ஓரத்துப் பசை கொஞ்சம் நழுவுகிறது. ஒட்டு அகலமாக இருந்தால், அதிகம் சுமை ஏறாத நடுப்பகுதி, இழுப்பு நின்றதும் ஓரங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். சிக்கனமாக ஒட்டினால் பசை முழுவதுமே நழுவும். மீளாமல் மிஞ்சுவது சேர்ந்துகொண்டே போய் ஒட்டு அறும்.

ஆய்வுக்கூடத்து மாதிரித் துண்டுகளில் ஒட்டின் அகலம் வழக்கமாக அரை அங்குலம்தான். அதாவது, விமானத்தில் யாரும் வைக்கக்கூடாத ஒட்டு. அதையும் நொடிக்குப் பல முறை இழுத்ததால் நழுவப் பசைக்கு நேரமே கிடைக்கவில்லை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குவதோ பயணத்துக்கு ஒரு முறை, அதுவும் நிதானமாக. மெதுவான இழுப்பே பசையை அதிகம் கெடுத்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

தொடக்ககால போயிங் 737களில் அறை வெப்பத்தில் இறுகும் பசையால் தகடுகளை ஒட்டி, கூடவே ரிவெட்டும் அடித்திருந்தார்கள். ஈரம் புகுந்து ஒட்டு விட்டுப்போனது. 1972இல் போயிங் அம்முறையைக் கைவிட்டது. ஏற்கெனவே விற்றவை பறந்துகொண்டிருந்தன. பசை விட்ட இடத்தில் சுமை முழுவதும் ரிவெட் துளைகளின் கூரிய விளிம்புகளுக்கு மாறி, அங்கிருந்து விரிசல்கள் கிளம்பின. 1988 ஏப்ரல் 28 அன்று, ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கிளம்பிய அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றின் மேற்கூரையில் ஒரு பகுதி நடுவானில் பிய்ந்துபோனது. அதுவரை அது 89,680 முறை பறந்து இறங்கியிருந்தது. விமானி அதை மாவி தீவில் தரையிறக்கினார். பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.