சிறைவாயிலுக்கு அப்பால்: பெங்களூரில் பெண்களின் மறுவாழ்வு உதவி வளர்ந்த வரலாறு

இந்தியச் சிறைகளில் உள்ளோரில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே. தொகை இவ்வாறு சிறிதாயிருந்தமையால், சிறைக்கூடங்களும் அவற்றின் விதிகளும் மட்டுமன்றி, விடுதலைக்குப் பிந்திய உதவி ஏற்பாடுகளுங்கூட ஆண் கைதியை மனத்தில் வைத்தே அமைந்துவிட்டன. ஆண் ஒருவன் தண்டனை முடிந்து வீடு திரும்பினால், தாயோ மனைவியோ சோறிட்டு ஏற்றுக்கொள்வது நம் நாட்டு வழக்கம். அதே தண்டனையை அனுபவித்து மீளும் பெண்ணோ, கணவன் வேறு மணம் செய்துகொண்டதையும், பிள்ளைகள் உறவினர் வீடுகளில் சிதறிக் கிடப்பதையும், ‘களி தின்றவள்’ என்ற பெயர் தனக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதையும் காண்கிறாள். இவளுக்குத் துணைநிற்கும் ஏற்பாடுகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பெங்களூர் நகரை முன்னிட்டு ஆராயுமிடத்து, மதிலுக்குள் தாமே இருந்து கண்ட பெண்களின் சாட்சியமே இவ்வரலாற்றை முன்னே செலுத்தியது என்பதும், வெளியேயிருந்து வகுத்த திட்டங்கள் பெரும்பாலும் இன்னொரு மதிலையே எழுப்பின என்பதும் புலனாகின்றன.

1866இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலச் சமூகச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டர் அம்மையார், பெண் கைதிகள் ஆண் காவலரின் பொறுப்பில் விடப்பட்டிருந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். பெங்களூர் சேஷாத்திரி சாலையிலிருந்த பழைய மத்திய சிறையும் அந்தக் காலத்ததே. 1919-20இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் கூடிய இந்தியச் சிறைக் குழு, தண்டிப்பதோடு திருத்துவதும் சிறையின் கடமை என்று வற்புறுத்தியது. சென்னை முதலிய இடங்களில் இயங்கிய சிறை மீண்டோர் நலச் சங்கங்கள் வழிச்செலவும், தொழிற்கருவியும், சிறு கடனும் அளித்தன. நல்லெண்ணத்தில் குறைவில்லை, ஆயினும் வழிச்செலவு பெற்றவளுக்குப் போய்ச் சேர ஒரு வீடு வேண்டுமே என்பதை அச்சங்கங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதை எண்ணிப் பார்த்தவர் துர்காபாய். 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தை அடுத்து வேலூரிலும் மதுரையிலும் சிறைவாசம் அனுபவித்த அவர், அங்கே கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட ஏழைப் பெண்களோடு பழகினார். சட்டம் இன்னதென்று அறியாமலும், தமக்காக வழக்காடுவார் ஒருவரைக்கூடப் பெறாமலும் தண்டனை ஏற்றவர்கள் அவர்களிற் பலர் எனக் கண்டதே, பிற்காலத்தில் தாம் சட்டம் பயிலத் தூண்டுகோலாயிற்று என்று அவர் கூறியதுண்டு. விடுதலைக்குப் பின் விட்ட படிப்பைத் தொடர்ந்து, 1937இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவி, 1953இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவியானார். இளமையில் பள்ளியை இழந்த பெண்கள் குறுகிய காலத்திற் படித்துத் தேறுவதற்கென அவ்வாரியம் 1958இல் தொடங்கிய சுருக்கக் கல்வித் திட்டத்தை, அவருடைய அனுபவத்தின் பலன் என்றே நான் கருதுகிறேன்.

அதே வாரியம், விடுதிகளிலிருந்தும் சிறைகளிலிருந்தும் வெளிவருவோரின் பிற்கால நலனை ஆராய எம். எஸ். கோரே தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதன் யோசனைகளையொட்டி, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் மாநில இல்லங்களும் மாவட்டப் புகலிடங்களும் தோன்றின. இவை பசியையும் தெருவையும் தடுத்தன என்பதை மறுக்கலாகாது. ஆனால், வாயிற் காவலும், அனுமதிச் சீட்டும், குறித்த நேரத்தில் குறித்த உணவும் கொண்ட இல்லத்தில், பத்தாண்டு சிறையிலிருந்தவள் புதிதாகக் கற்பது யாது? கடைக்குப் போய்ப் பேரம் பேசவும், பக்கத்து வீட்டாரோடு உறவாடவும் மீண்டும் பழக வேண்டியவளை இவ்வேற்பாடு மறுபடியும் வரிசையிலே நிறுத்தியது.

துர்காபாய்க்கு அடுத்த சாட்சி, பெங்களூரிலேயே சிறையிருந்த ஸ்நேகலதா ரெட்டி. சென்னையில் நாடகக் கலையை வளர்த்தவர். 1970இல் வெளிவந்த ‘சம்ஸ்காரா’ திரைப்படத்தின் நாயகி. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்திலே கைதான அவர், பெங்களூர் மத்திய சிறையில் எட்டு மாதங்கள் விசாரணையின்றி வைக்கப்பட்டார். கடும் ஆஸ்துமாவினால் மூச்சுக்குத் தவித்த நிலையிலும், உடனிருந்த சாதாரணப் பெண் கைதிகள் அடிக்கப்படுவதையும், அவர்களுக்கு இடப்பட்ட உணவின் இழிவையும் எதிர்த்து வாதாடினார். தம் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். 1977 ஜனவரி 15இல் பரோலில் வெளிவந்தவர், 20ஆம் தேதி காலமானார். அவ்வாண்டே அச்சேறிய அந்தச் சிறைக்குறிப்பு, மதிலுக்குள் பெயரற்றுக் கிடந்த பெண்களைப் படித்த வர்க்கத்தின் கண்முன் நிறுத்தியது.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1987இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசிய நிபுணர் குழு பெண் கைதிகளைப் பற்றியே தனி அறிக்கை தந்தது. 1990இல் பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் கழகம் தொடங்கிய ‘பிரயாஸ்’, சிறை மீண்டோரைத் தொண்டு நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிற்சிக்கு அமர்த்தும் முறையைக் கைக்கொண்டது. கேரளத்தில் 1981இல் தோன்றிய கத்தோலிக்கச் சிறைப்பணி இயக்கம் தன் தேசிய அலுவலகத்தைப் பெங்களூரில் வைத்திருக்கிறது. மத்திய அரசு 2001இல் வகுத்த ‘ஸ்வாதார்’ திட்டம், குடும்பத் துணையின்றி விடுதலையாகும் பெண்ணைப் பயனாளியாகப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. அவ்வில்லங்கள் இன்று ‘சக்தி சதன்’ எனப்படுகின்றன.

பெங்களூரின் இன்றைய மத்திய சிறை இருப்பதும், தமிழ் வாசகர்களுக்கு அரசியல் வழக்குகளாலேயே அறிமுகமானதுமான பரப்பன அக்ரஹாரத்திலிருந்து இன்று ஒருத்தி வெளிவருவதாகக் கொள்வோம். கைதானபோது உடுத்தியிருந்த சேலையும், சிறைக்கூலி சேர்ந்த சிறு தொகையும், உள்ளே கற்ற தையலுமே அவளுடைய மூலதனம். பீணியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பெண்களின் உழைப்பாலேயே நடக்கின்றன. ஆகவே தையல் வீண்போகாது. ஆனால் ஆதார் அட்டையில் உள்ள விலாசமோ, அவளை உள்ளே விடாத வீட்டினுடையது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தமிழ் பேசும் தெருவில் ஓர் அறை கேட்டால், பல மாத வாடகையை ‘அட்வான்ஸ்’ என முன்வைக்கச் சொல்வதோடு, “வீட்டுக்காரர் எங்கேம்மா?” என்றும் கேட்கிறார்கள்.

பிள்ளையை மீட்பதும் இந்த அறையையே பொறுத்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் உபாத்யாய் வழக்கில் அளித்த தீர்ப்பின்படி, ஆறு வயது வரையில்தான் குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். பிறகு உறவினரிடமோ விடுதியிலோ சேர்க்கப்படும். கைதிகளின் பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைக்கும் ‘சோகேர்’ போன்ற பெங்களூர் நிறுவனங்கள் இந்த இடைவெளியை நிரப்பப் பெரிதும் பாடுபட்டுள்ளன. எனினும், தாய் வந்து அழைக்கும்போது பிள்ளையைக் கொண்டுசெல்ல இடமில்லாவிடில், பிள்ளை விடுதியிலே, தாய் இல்லத்திலே என்றாகிறது. ஆகவே நகரத்துத் தேவாலயங்களும், தமிழ்ச் சங்கமும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் கூடி, வாடகை முன்பணத்துக்கான சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்தி, வீட்டுச் சொந்தக்காரரிடம் தாமே ஜாமீன் நிற்க முன்வருவது அவசியம். விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரிந்த தண்டனைக் கைதிகளுக்கு, வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே நன்னடத்தை அலுவலர் மூலம் அறையும் வேலையும் பேசிமுடிப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம்.