முலாம் தவறிய காசு

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க்கு அணித்தே பளமோட்டை என்னுமிடத்தில் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. அது முதலாம் விசயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோழர் ஆட்சி 1070இல் ஈழத்தைவிட்டு நீங்கிய பின்னர்ப் பொறிக்கப்பட்டது. நங்கைசானி என்னும் பார்ப்பனப் பெண்மணி, இறந்த தன் கணவன் நினைவாகக் கந்தளாய்த் தென்கயிலாயக் கோயிலுக்கு வைத்த அறத்தை அது உரைக்கின்றது. அவ்வறப் பொருளில் காசும் இருந்தது.

கொடுத்த காசு நல்ல காசுதானா? கோயிலார் இதனைக் கேளாதிருந்திருக்க முடியாது. ஈழக்காசு என்ற பெயர் சோழர் கல்வெட்டுக்களிலேயே வரும் அளவுக்கு இலங்கையின் பொற்காசு பெயர் பெற்றிருந்தது. ஆயினும், பொன்னின் மாற்று வரவரக் குறைந்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் புழங்கியது செப்புக்காசே. செம்பின்மேல் பொன்முலாம் பூசிய பழங்காசுகளும் கிடைத்துள்ளன. தேய்ந்த விளிம்பில் செம்பு தலைகாட்டியதும் வஞ்சகம் வெளிப்பட்டுவிடும்.

இவ்வாறு காசை நோட்டம் பார்த்தவர்க்கு வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவருள் வடம வண்ணக்கன் தாமோதரனார் என்றொருவர் உளர். மட்டக்களப்புக் கோயில்களில் நிருவாகப் பொறுப்புடையாரை வண்ணக்கர் என்றே இன்றும் அழைக்கின்றனர். உரைகல் போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது.

பொன்னிற முலாம் பூசிய காசு மீண்டும் இலங்கைக்கு வந்தது 2005இல். இம்முறை அதில் ஒளிவுமறைவு இல்லை. உலோக விலை ஏறிய காலத்தில் உலகின் பல நாடுகளும் கைக்கொண்ட சிக்கன வழி அது. ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் உருக்கின்மேல் பித்தளை முலாம் பூசப்பெற்று வெளிவந்தன. வெற்று வில்லைகளைக் கழுவி, உலோக உப்புக் கரைசலில் இட்டு, மின்சாரம் பாய்ச்சி முலாம் ஏற்றுவர். பின்னர்ச் சூடேற்றிப் பதப்படுத்தி அச்சிடுவர். வில்லையில் எண்ணெய்ப்பசை எஞ்சியிருந்தால் முலாம் அவ்விடத்தில் ஒட்டாது. அடியில் சிக்கிய வாயு சூட்டில் விரிந்து கொப்புளமாகும். அரிதாக, முலாமே ஏறாத வில்லை அச்சுக்குள் புகுந்து, பொன்னிறத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறக் காசாக வெளிவரும். சில்லறையில் இத்தகைய காசைக் கண்டெடுப்பது காசு சேர்ப்போர்க்குப் பெருமகிழ்ச்சி.

மகிழுமுன் வண்ணக்கர் வேலை ஒன்று உண்டு. காந்தம் இங்கே உதவாது; முலாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருக்கை அது இழுக்கும். எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். வெற்று உருக்கில் அச்சிட்ட காசில் எழுத்துக்களின் ஓரம் கூர்மையாக நிற்கும். அமிலத்தில் இட்டு முலாமைக் கரைத்த காசிலோ ஓரங்கள் மழுங்கியிருக்கும். பரப்பு அரித்துச் சொரசொரப்பாகத் தோன்றும். புழக்கத்தில் தேய்ந்த காசு மேடான இடங்களில் மட்டும் வெளுத்து, பள்ளங்களில் மஞ்சள் காட்டும். தராசில் எடை சிறிது குறைவதை மட்டும் நம்பிவிடலாகாது; முலாம் ஏறாத காசும் கரைத்த காசும் இரண்டுமே எடை குறைந்தவை. தவறிப் பிறந்த காசையும் வேண்டுமென்றே கெடுத்த காசையும் பிரித்தறிவதற்குப் பழக்கப்பட்ட கண்ணே வேண்டும்.

2017இல் துருப்பிடியா உருக்கினாலான புதிய காசுகள் வெளிவந்தன. அவற்றுக்கு முலாமே இல்லை. ஆதலால் முலாம் பிழைக்கவும் வழியில்லை. கந்தளாய்ச் சந்தையில் இனி அத்தகைய பிழையைத் தேடுவோர், 2005க்குப் பிந்திய அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்து மஞ்சள் காசுகளைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.