திரை விழுந்த பிறகு

1870களில் டேவிட் ஃபெரியர் குரங்குகளின் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியை அகற்றிப் பார்த்தார். கண் தெரிந்தது, காது கேட்டது, நடமாட்டத்திலும் பழுதில்லை. கவனம் மட்டும் மங்கிப்போனதாக எழுதிவைத்தார்.

1930களில் யேல் பல்கலைக்கழகத்தின் கார்லைல் ஜேக்கப்சன், அந்தப் பகுதி என்ன செய்கிறது என்பதை இன்னும் கூர்மையாகக் கேட்டார். குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழ் தீனியை ஒளிப்பார், திரையை இறக்குவார், சில வினாடிகள் கழித்துத் தூக்குவார். அந்தப் பகுதி இருந்த குரங்கு சரியான கிண்ணத்தைத் தொட்டது, இழந்தது தடுமாறியது. பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே கழியும் நேரத்தில்தான் கோளாறு.

1935இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் இந்த ஆய்வு பேசப்பட்டபோது அவையில் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸும் இருந்தார். சில மாதங்களில் மனநோயாளிகளின் மண்டையைத் துளைத்து அதே பகுதியில் கைவைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். குரங்காய்வு அவரை எவ்வளவு தூண்டியது என்பது இன்றும் வழக்குதான். 1949இல் அதற்காக நோபல் பரிசு வாங்கியதென்னவோ உண்மை.

வெட்டிப் பார்த்த காலம் போய் ஒட்டுக்கேட்கும் காலம் வந்தது. விழித்திருக்கும் விலங்கின் மூளையில் ஒற்றை நியூரானுடைய, அதாவது நரம்புச் செல்லுடைய, மின்துடிப்பை நுண்ணிய உலோக முனையால் பதிவுசெய்ய முடிந்தது. 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவாகின் ஃபுஸ்டரும் காரெட் அலெக்சாண்டரும், ஜப்பானில் குபோட்டாவும் நிக்கியும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொன்னார்கள்: நெற்றிக்குப் பின்னுள்ள அந்தப் பகுதியில் சில நியூரான்கள் பொருளைக் கண்டதும் துடிக்கின்றன, சில கை நீளும்போது. வேறு சிலவோ, கண்ணெதிரே எதுவும் இல்லாத, கையும் அசையாத இடைவேளை முழுக்கத் துடித்துக்கொண்டே இருக்கின்றன.

அந்தத் துடிப்பு கண்டதன் நினைவா, செய்யப்போவதன் ஆயத்தமா? சண்டை இங்கேதான் மூண்டது. 1989இல் ஃபுனஹாஷி, புரூஸ், கோல்ட்மன்-ரக்கிச் மூவரும் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்தார்கள். திரையின் 8 இடங்களில் ஒன்றில் ஒளிப்புள்ளி தோன்றி மறையும்; குரங்கு சில வினாடிகள் நடுப்புள்ளியையே பார்த்திருந்துவிட்டு, ஒளி இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். இடைவேளையில் துடித்த நியூரான்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமக்கென்று ஒரு திசை இருந்தது. இடைவேளையில் துடிப்பு தளர்ந்த சுற்றுகளில் குரங்கும் தவறியது.

ஆனாலும் ஒளி இருந்த திசையும் கண் போகும் திசையும் ஒன்றாகவே இருந்ததால் வழக்கு தீரவில்லை. 1993இல் ஃபுனஹாஷி, கோல்ட்மன்-ரக்கிச் குழுவினர் விதியைப் புரட்டிப்போட்டார்கள்: ஒளி இடப்பக்கம் வந்தால் கண் வலப்பக்கம் போக வேண்டும். பெரும்பாலான நியூரான்கள் ஒளி இருந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தவற்றில் சில, கண் போகப்போகும் திசையைச் சொல்லின. இரு கட்சிக்கும் சாட்சி ஒரே மூளையில் இருந்தது.

தொடு உணர்வின் முறை 1999இல் வந்தது. மெக்சிகோவில் ரனுல்ஃபோ ரோமோ குழுவினர் குரங்கின் விரல்நுனியில் ஓர் அதிர்வைத் தந்து, இடைவெளி விட்டு இன்னொன்றைத் தந்தார்கள். எது வேகமானது என்று அது பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். காத்திருந்த நேரத்தில், முதல் அதிர்வின் வேகம் கூடக்கூடச் சில நியூரான்கள் அதிகமாகத் துடித்தன. வேறு சில நேரெதிராக, குறையக் குறைய.