வேர்வையா, வியர்வையா?



சென்ற கோடையில் நம் ஜிம் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். 'பயிற்சி முடிந்ததும் மெஷினில் உள்ள வேர்வையைத் துடைத்துவிட்டுச் செல்லவும்' என்று ஹவுஸ்கீப்பிங் அண்ணன் தன் கையால் எழுதியிருந்தார். மறுநாள் யாரோ 'வேர்வை'யைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'வியர்வை' என்று எழுதியிருந்தார்கள். அந்த 'யாரோ' நான்தான்.

அன்று மாலையே காகிதம் காணாமல் போனது. அண்ணனைக் கேட்டேன். "தப்பா எழுதிட்டேன் போல சார். நாலு பேர் படிக்கிற இடம், அதான் கிழிச்சுட்டேன்" என்றார். திருத்தியது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தேன். தப்பு அவருடையது அல்ல என்று தெரிந்தது.

'வேர்வை'யைப் பேச்சுவழக்கு என்றும் கொச்சை என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பழைய இலக்கியத்திலேயே இருக்கும் வடிவம். தமிழில் இந்த வினைச்சொல் வியர், வெயர், வேர் என மூன்று விதமாக வழங்கியிருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில், காதல் அரும்பும்போது தோன்றும் அடையாளங்களில் ஒன்றாக நெற்றி வியர்ப்பது சொல்லப்படுகிறது. அங்கே இருப்பது 'வியர்'. திருக்குறளின் 1328ஆம் குறளிலும் நெற்றி வியர்க்கிறது. அங்கே வள்ளுவர் கையாள்வது 'வெயர்'.

அதே வள்ளுவர் 487ஆம் குறளில் 'வேர்' என்கிறார். காலமறிதல் அதிகாரத்தில் வரும் குறள் அது. அறிவுடையவர்கள் பகைவர் தீங்கு செய்த உடனே கோபத்தை வெளியே காட்ட மாட்டார்கள், தக்க காலம் பார்த்து உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்பது கருத்து. 'கோபப்படுதல்' என்ற பொருளுக்கு அங்கே நிற்கும் சொல் 'வேர்த்தல்'. கோபம் வந்தால் உடம்பு சூடாகி வேர்க்கும் அல்லவா? அதனால் வேர்த்தல் என்றாலே சினம் என்று பொருள் விரிந்திருக்கிறது. நாம் இன்று பயத்தில் 'குப்பென்று வேர்த்துவிட்டது' என்கிறோம். உணர்ச்சியை உடம்பை வைத்துச் சொல்லும் அதே வழக்கம்தான்.

'வெயர்' எப்படி 'வேர்' ஆனது என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சான்று உண்டு. பெயர் பேர் ஆனது போலத்தான். தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் பெயரன், அவனே பேரன். நாம் யாரும் பேரனைக் கொஞ்சும்போது 'பெயரன் என்று சொல்' என ஒருவரையும் திருத்துவதில்லை. வேர்வைக்கு மட்டும் ஏன் சிவப்பு மை?

இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்திலும் உறவுகள் இருக்கின்றன. மலையாளத்தில் 'வியர்ப்பு'. கன்னடத்தில் 'பெவரு'. நம் வகரம் கன்னடத்தில் பல சொற்களில் பகரமாக ஒலிக்கும்: நம் 'வா' அங்கே 'பா', நம் 'வேறு' அங்கே 'பேரெ'. நம் பிளாக்கில் உள்ள கன்னட நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். தெலுங்குக்காரர்கள் மட்டும் 'செமட' என்று வேறு சொல் சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'ஸ்வெட்', சமஸ்கிருதத்தின் 'ஸ்வேத' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. நம்முடையது அந்தக் குடும்பத்தைச் சேராத, திராவிட மொழிகளின் சொந்தச் சொல்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மரத்தின் வேரும் வேர்க்கும் வேரும் ஒன்றல்ல, ஒலிதான் ஒன்று. கோடையில் குழந்தைகளின் கழுத்தில் வருகிற வேர்க்குரு, வேர்வையால் வரும் குரு. அதேபோல் 'முயற்சி வியர்த்தமாயிற்று' என்பதில் வரும் 'வியர்த்தம்' வீண் என்று பொருள்படும் வடசொல். அதற்கும் வியர்வைக்கும் சம்பந்தமில்லை.

இன்று இரண்டு வடிவங்களும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. மேடையிலும் பாடநூலிலும் 'வியர்வை சிந்தி உழைத்தோம்' என்கிறோம். மாடிப்படி ஏறி வந்ததும் 'வேர்த்துக் கொட்டுது, ஃபேனைப் போடு' என்கிறோம். எழுத்திலும் வேர்வைக்கு இடம் உண்டு. பலகாலமாக வாசிக்கப்பட்டு வரும் தமிழ் விவிலியத்தில், உழைத்து உண்பதைப் பற்றி ஆதியாகமம் பேசும் இடத்தில் இருப்பது 'வேர்வை'தான்.

ஆகவே யாராவது 'வேர்க்குது' என்றால் திருத்தாதீர்கள். பள்ளியில் பிள்ளை 'வேர்வை' என்று எழுதி மதிப்பெண் குறைந்தால், 487ஆம் குறளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "அப்ப திருவள்ளுவரும் எங்க ஊர்க்காரர்தான் சார்" என்றார். புதிய காகிதம் அவர் கையெழுத்திலேயே, 'வேர்வை' என்ற சொல்லோடு, ஜிம் கதவில் மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. எழுத்துப்பிழை ஏதும் இல்லை. மெஷினைத் துடைக்க மட்டும் மறக்காதீர்கள்.