பாதிரியாரின் ரயில் பாதையும் சைக்கிள்காரர்களும்

1872-ஆம் வருஷம் ஜனவரி மாதம், கனடாவின் மோன்ரேயால் நகரத்தில் விறகுப் பஞ்சம். குளிர் எலும்பைத் துளைக்கிற மாதம் அது. நகரத்து ஏழைகள் அடுப்பு மூட்ட வழியில்லாமல் தவித்தார்கள். அப்போது வடக்கே சேன்-ஜெரோம் என்னும் ஊரிலிருந்து எண்பது பனிச்சறுக்கு வண்டிகள் நிறைய விறகோடு வரிசையாக வந்து நின்றன. முன்னால் வந்தவர் அவ்வூர்ப் பங்குச் சாமியார் அந்துவான் லபெல். ஆள் முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை. விறகை இலவசமாகக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எங்கள் காட்டில் விறகு இருக்கிறது, உங்களிடம் குளிர் இருக்கிறது, நடுவில் ரயில் இல்லை.

தர்மம் என்று பார்த்தால் தர்மம், மனுப் போடுவது என்று பார்த்தால் அதைவிட நல்ல மனு கிடையாது. அதே வருஷம் மோன்ரேயால் நகரசபை அந்த ரயிலுக்குப் பத்து லட்சம் டாலர் பங்கு எடுக்கச் சம்மதித்தது.

இந்தக் 'க்யூரே லபெல்' பற்றி எழுதக் காரணம் உண்டு. பழைய ரயில் தடத்தை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றும் வேலை உலகத்தில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அதில் எனக்கு அதிகம் விளங்குவது, அவர் போட வைத்த பாதையின் கதைதான். அதன் காகிதங்கள் பிரெஞ்சில் இருப்பது ஒரு சௌகரியம். இன்னொரு காரணம், இந்தக் கதை முழுக்க யார் பணம், யார் நிலம், யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு புரட்டியே காலம் தள்ளிய எனக்கு இதைவிட ருசியான விஷயம் வேறென்ன?

லபெலுக்கு விறகு ஒரு சாக்கு. கெபெக் மாகாணத்தின் (நம் பத்திரிகைகள் கியூபெக் என்று எழுதும்) பிரெஞ்சுக்காரர்கள் அப்போது கூட்டம் கூட்டமாக அமெரிக்காவின் நூல் ஆலைகளுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்கள் மொழியையும் மதத்தையும் விட்டுவிடுவார்கள் என்று சாமியார் பயந்தார். வடக்கே மலைக்காடுகளில் அவர்களைக் குடியேற்றிவிட்டால் இங்கேயே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1888-இல் மாகாண அரசு அவரைக் குடியேற்றத் துறைக்கு உதவி அமைச்சராகவே நியமித்தது. பாதிரியார் ஒருவர் அரசு நாற்காலியில் உட்கார்ந்தது அங்கேயே பலருக்குப் பிடிக்கவில்லை. 1891 ஜனவரியில் அவர் இறந்துபோனார்.

ரயில் சேன்-ஜெரோமுக்கு வந்தது 1876-இல். அதற்குள் தனியார் கம்பெனி தாக்குப் பிடிக்காமல் மாகாண அரசே தலையிட வேண்டியதாயிற்று. 1882-இல் அரசு தன் பாதையை கனடியன் பசிபிக் கம்பெனிக்கு விற்றது. சேன்-ஜெரோமுக்கு வடக்கே அரசு மானியத்தோடு மெல்ல மெல்ல நீண்டு, 1892-இல் சேன்த்-அகாத், 1909-இல் மோன்-லோரியே என்று போய் நின்றது. சாமியார் கண்ணால் பார்த்தது சேன்-ஜெரோம் வரைதான்.

விவசாயம் அந்த மலையில் சரிப்படவில்லை, மண் அப்படி. ஆனால் 1920-களிலும் 30-களிலும் மோன்ரேயால்காரர்கள் சனிக்கிழமை தோறும் பனிச்சறுக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு அதே ரயிலில் ஏறி வடக்கே போனார்கள். குடியேறிகளுக்காகப் போட்ட பாதையைக் காப்பாற்றியது உல்லாசப் பயணிகள். பிறகு 1950-களின் கடைசியில் பெரிய நெடுஞ்சாலை வந்தது. எல்லோரும் காரில் போக ஆரம்பித்தார்கள். 1981-இல் பயணிகள் ரயில் நின்றது, 1989-இல் சரக்கு ரயிலும் நின்றது. 1991-இல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் காரைக்கால்காரர்களுக்கு நெஞ்சில் ஏதோ உரசும். காரைக்கால் - பேரளம் பாதை 1898-இல் பிரெஞ்சு அரசின் செலவில் போடப்பட்டது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர் அதில் தொங்கிக்கொண்டு போயிருப்பார்கள்! அதுவும் 1980-களில்தான் நின்றது. தண்டவாளமும் போயிற்று. மிஞ்சியது ஒரு மண் மேடு. அதன் மேல் சைக்கிள் பாதை போடலாம் என்று நம்மூரில் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் சைக்கிளைத் தெருவில் ஓட்டினால் போதாதா என்று கேட்டிருப்பார்கள். ஆனால் நிலம் துண்டு துண்டாகக் கைமாறாமல் ரயில்வேயின் பெயரிலேயே இருந்ததால்தான் இப்போது அதே தடத்தில் அகலப் பாதை போட முடிந்திருக்கிறது. இது சின்ன விஷயமில்லை. ஒரு முறை நடுவில் நாலு வீட்டு மனை விற்றுவிட்டால், அந்தத் தடம் செத்த தடம்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1983-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ரயில் நின்ற தடத்தை நடைபாதையாக வைத்திருக்கலாம், நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அது கைவிடப்பட்ட நிலம் ஆகாது என்று. பக்கத்து நிலத்துக்காரர்கள் விடவில்லை. ரயிலுக்காகத்தான் எங்கள் பாட்டன் வழி விட்டான், ரயில் போனால் நிலம் எங்களுக்கு என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நிலம் பறிபோனதாக நினைப்பவர் நஷ்டஈடு கேட்டுத் தனியே வழக்குப் போடலாம் என்றும் வழி விட்டார்கள்.

கெபெக்கில் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார்கள். 1990-களின் முற்பகுதியில் மாகாண அரசே தடத்தை வாங்கிக்கொண்டது. உரிமைப் பத்திரம் அரசிடம். பாதையை நடத்தும் பொறுப்பை நீண்டகாலக் குத்தகையாக வட்டார மன்றங்களுக்குக் கொடுத்தது. எம்.ஆர்.சி. என்பார்கள். நம் கொம்யூன் பஞ்சாயத்துகள் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரு மன்றம் வைத்துக்கொண்டால் எப்படியோ அப்படி. தடம் நான்கு மன்றங்களின் எல்லைக்குள் போகிறது. வடக்கே உள்ள மன்றத்துக்குப் பெயரே அந்துவான்-லபெல்.

ஒரு நிமிஷம் கணக்குப் பாருங்கள். முதலில் பொதுப்பணம் போட்டுப் பாதை போட்டார்கள். பிறகு கம்பெனியிடம் கொடுத்தார்கள். கம்பெனி நூறு வருஷம் ஓட்டி, லாபம் நின்றதும் விட்டது. அதே தடத்தை மறுபடியும் பொதுப்பணம் கொடுத்து வாங்கினார்கள். தணிக்கைக்காரர் எவரும் இதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். ஆனாலும் வாங்கியது சரி என்றே சொல்வேன். இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு, நடுவே வெட்டுப்படாத நிலம் ஒரே சொந்தக்காரரிடம் கிடைப்பது தலைமுறைக்கு ஒரு முறைதான். தனித்தனிப் பட்டாவாக வாங்கப் போனால் எத்தனை கோப்பு, எத்தனை வாரிசுச் சான்றிதழ், எத்தனை தடையுத்தரவு! மேலும், ரயிலுக்காக வெட்டிச் சமன் செய்த தடத்தில் ஏற்றம் மிகக் குறைவு. பாலங்கள் தயாராக நிற்கின்றன. என்னைப் போல் முழங்கால் வலிக்காரனும் மலை நாட்டில் சைக்கிள் மிதிக்கலாம்.

1996-இல் 'லெ ப்தி திரேன் து நோர்', அதாவது வடக்கின் சின்ன ரயில் என்ற பெயரில், சேன்-ஜெரோம் முதல் மோன்-லோரியே வரை 200 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 'பார்க் லினேயேர்', கோடு போன்ற பூங்கா என்று அரசுக் காகிதத்தில் எழுதினார்கள். சில பகுதி தார், சில பகுதி கல்தூள். பழைய ஸ்டேஷன்கள் ஒன்றில் தங்கும் விடுதி, ஒன்றில் ஓவியக் கூடம், ஒன்றில் காப்பிக் கடை. தெற்கே நீட்டிய பிறகு இப்போது 230 கிலோமீட்டருக்கு மேல்.

வாங்குவது ஒரு நாள் செலவு, பராமரிப்பது எந்நாளும் செலவு. இதை எந்த அலுவலகத்திலும் முதல் வருஷம் யாரும் நினைப்பதில்லை. கோடையில் சைக்கிள்காரர்கள் வந்து விடுதிகளில் பணம் செலவழிக்கிறார்கள். பனிக்காலத்தில் என்ன செய்வது? தெற்குப் பகுதியைப் பனிச்சறுக்கு மட்டைக்காரர்களுக்கும் வடக்குப் பகுதியை ஸ்னோமொபைலுக்கும் ஒதுக்கினார்கள். ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் மோட்டார் வண்டி. அதைப் பிரபலமாக்கிய பொம்பார்தியே கெபெக்காரர்தான். அங்கே அது ஒரு பெரிய தொழில். குளிர்காலத்தில் வேறு பிழைப்பில்லாத வடக்கு ஊர்களின் விடுதிக்காரருக்கும் பெட்ரோல் பங்க்காரருக்கும் அந்த வண்டிகள்தான் சோறு.

ஆனால் தடத்தை ஒட்டி வீடுகள் இருந்தன. ரயில் நாளைக்குச் சில முறை வரும், போகும். ஸ்னோமொபைல் பகலும் இரவும் ஒன்றன்பின் ஒன்றாக. தூங்க முடியவில்லை, புகை தாங்கவில்லை என்று லோராந்தித் வட்டார மன்றத்து எல்லையில் குடியிருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, மன்றத்தின் மீதும் மாகாண அரசின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2004 நவம்பர் 30-இல் நீதிபதி எலேன் லாங்லுவா அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். சுமார் 38 கிலோமீட்டரில் ஸ்னோமொபைலுக்குத் தடை, தடத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு நஷ்டஈடு.

பயந்துபோனது அந்த ஒரு மன்றம் மட்டுமல்ல. மாகாணம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பனிப்பாதை இருக்கிறது. எல்லா ஊரிலும் வழக்குப் போட்டால்? அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தப் பாதைகளின் சத்தம், வாடை, புகை பற்றி இன்ன தேதி வரை யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்று. அந்தக் கெடு பின்னால் ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது.

வடக்கு ஊர்க்காரர்களின் பிழைப்பு எனக்குப் புரிகிறது. அவர்களும் ஏழை ஜனங்கள்தான். ஆனால் வழக்கில் தோற்ற கட்சியே சட்டம் எழுதும் கட்சியாகவும் இருந்து, அடுத்தவன் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது என்று கதவைச் சாத்துவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆரம்பத்திலேயே, திட்டம் காகிதத்தில் இருந்தபோதே, தடத்தை ஒட்டிய வீடுகளை எண்ணி, அந்த இடங்களில் மட்டும் ஸ்னோமொபைலைச் சுற்றுவழியில் விட்டிருக்கலாம். அதற்கும் பணம் வேண்டும்தான். வழக்குக்கும் நஷ்டஈட்டுக்கும் கொடுத்த பணத்தில் சுற்றுவழி கொஞ்சமாவது போட்டிருக்கலாம் அல்லவா?

பிற்பாடு கெபெக் முழுவதையும் இணைக்கும் 'ரூத் வேர்த்' என்னும் பச்சை வழித் தொடர், 4000 கிலோமீட்டருக்கு மேல், 2007-இல் திறக்கப்பட்டபோது, சாமியாரின் தடமும் அதில் ஒரு கண்ணியாகச் சேர்ந்தது. கோடையில் விடுதிகள் நிரம்புகின்றன. சேன்-ஜெரோம் பெரிய கோவிலுக்கு எதிரே, கையை வடக்கு நோக்கி நீட்டியபடி லபெலுக்கு ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் பழைய ஸ்டேஷன். சைக்கிள்காரர்கள் அங்கே சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு, அவர் காட்டிய திசையிலேயே கிளம்புகிறார்கள்.